ஏசிசி ஆக்சிடேஸ் நொதியைப் பிரித்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழத்தைப் பழுக்கவைக்கும் எத்திலீன், செடிக்குள் பல படிகளைத் தாண்டி உருவாகிறது. அதில் கடைசிப் படியைச் செய்யும் நொதி ஏசிசி ஆக்சிடேஸ். இதைக் கையில் எடுக்கும் முதுகலை மாணவர்களிடமிருந்தும் ஆய்வு மாணவர்களிடமிருந்தும் வருடந்தோறும் வருபவை அநேகமாக ஒரே சந்தேகங்கள்தாம். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் மேலே உள்ள பதிலைச் சுட்டியிருப்பதால், முதல் முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

எத்திலீன் வெறும் வாயு. அதைப் போய் ஹார்மோன் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

செடியே அதை உண்டாக்குகிறது. மிகச் சிறிய அளவிலேயே அது வளர்ச்சியையும் முதிர்ச்சியையும் மாற்றுகிறது. ஹார்மோன் என்று சொல்ல இவ்வளவு போதும். பட்டாணி நாற்றுகள் ஆய்வகத்துக்குள் கோணல்மாணலாக வளர்வதற்கு, விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று ரஷ்யாவின் நெல்ஜுபோவ் 1901இல் காட்டினார். பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளிவிடுகிறது என்பதை கேன் 1934இல் நிறுவினார்.

ஏசிசி ஆக்சிடேஸ் சரியாக எந்த வேலையைச் செய்கிறது?

மெத்தியோனின் முதலில் எஸ்-அடினோசில் மெத்தியோனினாக மாறுகிறது. அதை ஏசிசி சிந்தேஸ் என்ற நொதி, 1-அமினோசைக்ளோபுரோப்பேன்-1-கார்பாக்சிலிக் அமிலமாக மாற்றுகிறது. இந்த நீளமான பெயரைத்தான் ஏசிசி என்று சுருக்குகிறோம். எத்திலீனுக்கு முந்தைய பொருள் இதுவே என்று, கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஆடம்ஸும் ஷாங் ஃபா யாங்கும் ஆப்பிள் திசுவைக் கொண்டு 1979இல் கண்டுபிடித்தார்கள்.

நம் நொதி அந்த ஏசிசியை ஆக்சிஜனின் உதவியோடு உடைக்கிறது. எத்திலீன், கார்பன் டைஆக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு மூன்றும் வெளியே வருகின்றன. இதற்கு ஃபெரஸ் இரும்பு வேண்டும், அஸ்கார்பேட் (வைட்டமின் சி) வேண்டும். வினையில் உண்டாகும் அதே கார்பன் டைஆக்சைடு, நொதியை முடுக்கும் பொருளாகவும் வெளியிலிருந்து தேவைப்படுகிறது. இந்த நொதியின் மிக விசித்திரமான குணம் அதுதான். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

சயனைடா? பழத்தைச் சாப்பிடுகிறோமே!

பயப்பட ஒன்றுமில்லை. செடியிடம் பீட்டா-சயனோஅலனைன் சிந்தேஸ் என்ற வேறொரு நொதி இருக்கிறது. அது சயனைடைச் சிஸ்டீனோடு சேர்த்து நச்சற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. சோதனைக் குப்பியில் உண்டாகும் அளவு சில நானோமோல்தான். ஆய்வாளருக்கு இந்தச் சயனைடால் ஒரு நன்மையும் உண்டு. எத்திலீனும் சயனைடும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வருகின்றனவா என்று பார்த்தால், நடந்தது உண்மையான நொதிவினைதானா என்பதற்கு ஒரு சாட்சி கிடைக்கும்.

இவ்வளவு தெரிந்த நொதியை 1990 வரைக்கும் யாராலும் பிரிக்க முடியாமல் போனது ஏன்?

திசுவை அரைத்தவுடன் செயல்பாடு காணாமல் போனது. செல் உடையும்போது வேலையும் நின்றுவிடுவதைப் பார்த்தவர்கள், இந்த நொதி சவ்வோடு ஒட்டியிருக்கிறது, சவ்வு முழுதாக இருந்தால்தான் இயங்கும் என்று முடிவுகட்டினார்கள். பட்டாணிச் செல்லிலிருந்து பிரித்த வாக்குவோல்களில் (சவ்வு சூழ்ந்த நுண்பைகளில்) ஏசிசி எத்திலீனாவது காணப்பட்டதால் அந்த எண்ணம் இன்னும் வலுத்தது. பத்தாண்டுக்கும் மேலாகச் சவ்வையே துழாவிக்கொண்டிருந்தார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது மரபணுப் பக்கத்திலிருந்து. பழுக்கும் தக்காளியில் பெருகும் பிடாம்13 என்ற குளோனை (நகலெடுத்து வைத்த மரபணுத் துண்டை), ஹாமில்டன், லைசெட், கிரையர்சன் மூவரும் ஆன்டிசென்ஸ் முறையில், அதாவது அதன் எதிர்வரிசையைச் செடியில் புகுத்தி, ஒடுக்கிப் பார்த்தார்கள். எத்திலீன் குறைந்தது. 1990இல் இதை வெளியிட்டபோது, அந்த மரபணுவின் வரிசை ஃப்ளேவனோன் 3-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதியை ஒத்திருப்பதும் தெரியவந்தது. அந்த ஹைட்ராக்சிலேஸ் கரைசலில் சாதாரணமாகக் கரையும் நொதி. ஃபெரஸ் இரும்பும் அஸ்கார்பேட்டும் கொடுத்தால் இயங்கும்.

வெர்வெரிடிஸும் ஜானும் அதே இரண்டையும் முலாம்பழச் சாற்றில் சேர்த்தார்கள். தொலைந்ததாக நினைத்த செயல்பாடு முழுமையாகத் திரும்பிவந்தது. ஆண்டு 1991. நொதி அதுவரைக்கும் சாற்றில்தான் இருந்திருக்கிறது. அளக்கும் குப்பியில்தான் அதற்கு வேண்டியது இல்லை. அடுத்த ஆண்டே யாங்கின் குழு ஆப்பிளிலிருந்து அதைத் தூய்மையாகப் பிரித்து, குணங்களை விவரித்துவிட்டது. எந்த நொதியாக இருந்தாலும் முதலில் அளவீட்டைச் சரிசெய்துகொண்டு பிறகே நிரலை (புரதங்களைப் பிரிக்கும் குழாயை) தொடவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த வரலாறே காரணம்.

எந்தப் பழம் நல்லது? கடையில் வாங்கும் ஆப்பிள் போதாதா?

பழுத்த ஆப்பிளும் முலாம்பழமும் நல்ல தேர்வுகள். இவை எத்திலீனை நிறையத் தயாரிக்கும் பழங்கள். நொதியும் அந்தக் கட்டத்தில் பெருகியிருக்கும். காயாக இருக்கும்போது நொதி மிகக் குறைவு. வாழைப்பழமும் எத்திலீன் பழம்தான். ஆனால் அதன் பாலும் பாலிஃபீனாலும் புதியவர்களைப் படுத்திவிடும்.

கடை ஆப்பிளில் ஒரு கண்ணி இருக்கிறது. நீண்ட நாள் சேமிக்கப்படும் ஆப்பிள்களுக்கு 1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன் என்ற வாயுவைக் காட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அது எத்திலீன் ஏற்பியை அடைத்துவிடும். பழம் பார்க்கச் சிவந்து அழகாக இருக்கும். உள்ளே ஏசிசி ஆக்சிடேஸ் பெயருக்குத்தான் இருக்கும். ஆகவே அரைப்பதற்கு முன் ஒரு பழத்தை மூடிய ஜாடியில் ஒரு மணி நேரம் வைத்து, உள்ளிருக்கும் காற்றில் எத்திலீனை அளந்துவிடுங்கள். எத்திலீன் விடாத பழத்தை அரைப்பது வீண் வேலை.

அரைக்கும் கரைசலில் ஏன் இத்தனை பொருள்கள்? ஒன்றிரண்டைக் குறைக்கலாமா?

பிஎச் 7க்குச் சற்று மேலே உள்ள பஃபர், கிளிசரால், டிடிடி (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்), சோடியம் அஸ்கார்பேட், கரையாத பிவிபிபி (ஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பொடி) ஆகியவை வழக்கமான பட்டியல். பழச்சாறு புளிப்பானது. பஃபர் நீர்த்திருந்தால் அரைத்த கணமே பிஎச் சரிந்துவிடும், அதனால் அரைத்தபின் ஒருமுறை பிஎச் பாருங்கள். அஸ்கார்பிக் அமிலத்தை அப்படியே கொட்டினாலும் இதே விபத்துதான். சோடியம் உப்பை எடுங்கள்.

நான் குறைக்கவிடாத ஒன்று பிவிபிபி. வெட்டிய ஆப்பிள் பழுப்பாவது ஃபீனால்களால் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றமடைந்து புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்போது நொதியின் ஒரு பகுதி மையவிலக்கியில் வண்டலோடு இறங்கிவிடக்கூடும். அதைப் பார்த்துவிட்டு ‘சவ்வு நொதி’ என்று மறுபடியும் பழைய கதைக்குப் போகவேண்டாம். வண்டலையும் ஒருமுறை அளந்து, செயல்பாடு எங்கே போனது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இடிடிஏவை வழக்கத்துக்காகச் சேர்க்கிறவர்கள் யோசிக்கவேண்டும். அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அளவீட்டுக் குப்பிக்கு அது தப்பிவந்தால், நீங்கள் போட்ட ஃபெரஸ் அளவு பேருக்குத்தான்.

செயல்பாட்டை எப்படி அளப்பது? கணக்கையும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

நொதி, ஏசிசி, ஃபெரஸ் சல்ஃபேட், அஸ்கார்பேட், பைகார்பனேட் ஆகியவற்றை ரப்பர் மூடியிட்ட குப்பியில் சேர்த்து, 30 டிகிரியில் குலுக்கியபடி வைக்கவேண்டும். குறித்த நேரத்தில் மேற்காற்றில் (கரைசலுக்கு மேலே இருக்கும் காற்றில்) 1 மில்லிலிட்டரை ஊசியால் எடுத்து வாயு குரோமடோகிராஃபில் செலுத்தவேண்டும். ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலை அன்றன்று புதிதாகத் தயாரியுங்கள். மஞ்சள் ஏறிவிட்டால் அது ஃபெரிக் ஆகிவிட்டது என்று பொருள்.

குப்பியில் கரைசல் போக 9 மில்லிலிட்டர் காற்று இருப்பதாகவும், வெற்றுச் சோதனையில் (நொதி இல்லாத குப்பியில்) வந்ததைக் கழித்தபின் எத்திலீன் 5 பிபிஎம் வருவதாகவும் வைத்துக்கொள்வோம். 5 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 5 மைக்ரோலிட்டர். 9 மில்லிலிட்டரில் 45 நானோலிட்டர். 25 டிகிரியில் ஒரு மோல் வாயு 24.5 லிட்டர் என்பதால், 45ஐ 24.5ஆல் வகுத்தால் 1.84 நானோமோல். இது 20 நிமிடத்தில் வந்தது என்றால் மணிக்கு 5.5 நானோமோல். குப்பியில் 0.1 மில்லிகிராம் புரதம் இருந்தால், நியம செயல்பாடு மில்லிகிராமுக்கு மணிக்கு 55 நானோமோல். பல ஆய்வேடுகளில் ஊசியில் எடுத்த 1 மில்லிலிட்டரை மட்டும் கணக்கில் போட்டு, மேற்காற்று முழுவதையும் பெருக்க மறந்துவிடுகிறார்கள்.

நொதியே போடாத குப்பியிலும் எத்திலீன் வருகிறதே, கருவி கெட்டுவிட்டதா?

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. இரும்பு, அஸ்கார்பேட், ஆக்சிஜன் மூன்றும் ஒரே கரைசலில் இருந்தால் வினைத்திறன் மிக்க தனியுறுப்புகள் தோன்றும். அவை ஏசிசியை வேதியியலாகவே உடைத்து எத்திலீனைத் தரும். ஏசிசி இல்லாத குப்பி, நொதி இல்லாத குப்பி, கொதிக்கவைத்த நொதி உள்ள குப்பி என மூன்று வெற்றுச் சோதனைகளை ஒவ்வொரு நாளும் வைக்கச் சொல்வது இதனால்தான். வாரம் ஒருமுறை வைத்தால் போதாது. இரும்புக் கரைசல் நாளுக்கு நாள் மாறும்.

1991க்கு முன் ‘எத்திலீன் உண்டாக்கும் நொதி கிடைத்துவிட்டது’ என்று வந்த அறிவிப்புகளில் பல இந்தக் குழியில்தான் விழுந்தன. அவற்றைச் சலித்தெடுக்க யாங்கின் குழு அழகான சோதனை ஒன்றை வைத்திருந்தது. ஏசிசியின் வளையத்தில் ஒரு எத்தில் தொகுதியை இணைத்தால் நான்கு முப்பரிமாண வடிவங்கள் கிடைக்கும். உயிருள்ள திசு அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து 1-பியூட்டீனாக மாற்றுகிறது என்று 1982இல் காட்டினார்கள். தனியுறுப்புகளுக்கு இந்தப் பாகுபாடு கிடையாது, நான்கையும் உடைக்கும். உங்கள் சாறு நான்கையும் உடைத்தால், கையில் இருப்பது வேறு ஏதோ ஒன்று. என்னைப் பொறுத்தவரை எந்த ஜெல் படத்தையும்விட இந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு படுத்துவிடுகிறது. ஏசிசி தீர்ந்துபோகிறதா?

ஏசிசி 1 மில்லிமோலார் போட்டிருந்தால், 1 மில்லிலிட்டரில் 1000 நானோமோல் இருக்கிறது. மேலே கணக்குப் போட்ட குப்பி செலவழித்தது 2 நானோமோலுக்கும் குறைவு. தளப்பொருள் தீரவில்லை, நொதிதான் சாகிறது. தன் வினையை நடத்தும்போதே இந்த நொதி செயலிழக்கிறது. அதோடு, இரும்பும் அஸ்கார்பேட்டும் உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அதைச் சிதைக்கிறது. கேட்டலேஸ் சேர்த்தால் இரண்டாவது சேதம் ஓரளவு குறையும். முதலாவதற்கு மருந்தில்லை.

ஆகவே வினைவேகத்தை எப்போதும் தொடக்கத்தின் நேர்கோட்டுப் பகுதியில் அளக்கவேண்டும். ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மணிக்கு இவ்வளவு என்று எழுதினால் உண்மை வேகத்தைவிடக் குறைவான எண்தான் கிடைக்கும். இன்னொன்று: நொதியைச் சேமிக்கும் கரைசலில் இரும்பைக் கலக்காதீர்கள். அது அளவீட்டுக் குப்பியில் மட்டும் சேரட்டும்.

குளிர்கிடங்கில் கார்பன் டைஆக்சைடை ஏற்றினால் பழுப்பது தள்ளிப்போகிறது. அதே வாயு நொதியை முடுக்குகிறது என்கிறீர்களே, முரணாக இல்லையா?

நல்ல கேள்வி. தூய நொதியில் கார்பன் டைஆக்சைடு இல்லாமல் செயல்பாடு ஏறத்தாழ இல்லை என்பது ஆப்பிள் நொதியிலேயே காட்டப்பட்ட உண்மை. சாதாரணக் காற்றில் இருக்கும் 0.04 சதவீதம் போதாது. அதனால்தான் பைகார்பனேட் சேர்க்கிறோம். சேர்த்தபின் பிஎச் ஏறும், மறக்காமல் சரிசெய்யவேண்டும்.

கிடங்கில் நடப்பது வேறு மட்டத்தில். பழத்தில் எத்திலீன் தன் உற்பத்தியைத் தானே தூண்டிக்கொள்கிறது. மிகுந்த கார்பன் டைஆக்சைடு, எத்திலீனின் அந்தத் தூண்டுதலை எதிர்க்கிறது. ஏசிசி சிந்தேஸ் குறைகிறது, தளப்பொருளான ஏசிசியும் குறைகிறது. கிடங்கில் ஆக்சிஜனையும் சேர்த்தே குறைப்பதால் நம் நொதி அந்தப் பக்கமும் பட்டினி கிடக்கிறது. குப்பியில் ஏசிசியை நாமே கொட்டுவதால் இவை எதுவும் அங்கே தெரிவதில்லை.

நிரல்களை எந்த வரிசையில் போடுவது?

அம்மோனியம் சல்ஃபேட் வீழ்படிவு, உப்பு நீக்கம், அயனிப் பரிமாற்றம், நீர்வெறுப்பு நிரல், கடைசியில் ஜெல் வடிகட்டல். சல்ஃபேட்டுக்குப் பின் நேராக நீர்வெறுப்பு நிரலுக்குப் போனால் உப்பு நீக்கும் ஒரு படி மிச்சமாகும். வரிசையைவிட வேகம் முக்கியம். இரண்டு நாளில் முடிக்கும் மூன்று படிகள், ஒரு வாரம் இழுக்கும் ஐந்து படிகளைவிட நல்ல நொதியைத் தரும்.

நிரலில் புரதத்தை 280 நானோமீட்டரில் பின்தொடர்பவர்கள் அஸ்கார்பேட்டை நிரல் கரைசலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. அதன் ஒளி உறிஞ்சல் 265 நானோமீட்டர் அருகில் உச்சமடைந்து 280 வரை நீள்கிறது. புரதத்தின் அளவை லோரி முறையிலோ பிசிஏ முறையிலோ பார்த்தாலும் இதே தொல்லை. அஸ்கார்பேட், டிடிடி இரண்டும் அவற்றை ஏமாற்றும். பிராட்ஃபோர்டு முறை இவற்றை நன்றாகத் தாங்கும்.

என் அட்டவணையில் இரண்டாம் படியில் விளைச்சல் 130 சதவீதம். நொதி எங்கிருந்து பெருகியது?

பெருகவில்லை. முதல் படியில் குறைவாக அளந்திருக்கிறீர்கள். கச்சாச் சாற்றில் ஃபீனால்களும், இரும்பைப் பிடிக்கும் சிட்ரேட், மாலேட் போன்ற அமிலங்களும் நொதியின் கையைக் கட்டிவைத்திருக்கும். சல்ஃபேட் படியில் அவை விலகியதும் உண்மையான செயல்பாடு தெரிகிறது. கச்சாச் சாற்றைச் சிறிய நிரலில் உப்பு நீக்கி அளந்து அதை 100 என்று வையுங்கள்.

அட்டவணையை வாசிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான். தொடக்கத்தில் 200 மில்லிகிராம் புரதமும் மணிக்கு 4000 நானோமோல் மொத்தச் செயல்பாடும் இருந்தால் நியம செயல்பாடு 20. முடிவில் 0.5 மில்லிகிராமும் 1000 நானோமோலும் இருந்தால் நியம செயல்பாடு 2000. தூய்மை 100 மடங்கு, விளைச்சல் 25 சதவீதம். இறுதிப் பொருள் முற்றிலும் தூயது என்றால், கச்சாப் புரதத்தில் நூற்றில் ஒரு பங்கு இந்த நொதி. ஆனால் வழியில் செத்த நொதியும் புரதமாகவே எடையில் சேரும். அதனால் இந்த நொதியில் தூய்மை மடங்கு எப்போதும் கொஞ்சம் குறைவாகவே தெரியும். அதை எழுத வெட்கப்படவேண்டாம்.

எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில்) 35 கிலோடால்டனில் ஒரே பட்டை. வேலை முடிந்ததா?

எடை சரிதான். ஆப்பிள் நொதி அங்கேதான் ஓடும். ஆனால் ஒற்றைப் பட்டையில் இரண்டு புரதங்கள் ஒளிந்திருக்கலாம். ஜெல் வடிகட்டலில் செயல்பாட்டு உச்சமும் புரத உச்சமும் ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். பட்டையை வெட்டி நிறைமாலைமானிக்கு அனுப்புங்கள். ஏசிசி ஆக்சிடேஸ் ஒரு மரபணுக் குடும்பம். எந்த உறுப்பினர் உங்கள் பழத்தில் இருக்கிறார் என்பது அங்கேதான் தெரியும்.

அதோடு தடுப்பான்களையும் முயலுங்கள். கோபால்ட் அயனி இந்த நொதியை நிறுத்தும். ஆல்ஃபா-அமினோஐசோபியூட்டிரிக் அமிலம் ஏசிசியோடு போட்டியிடும். மேலே சொன்ன நான்கு வடிவச் சோதனையும் சேர்ந்தால், கேட்பவர் யாரானாலும் வாயடைத்துப்போவார்.

ஒவ்வொரு கட்டுரையிலும் ஏசிசிக்கான கேஎம் வேறு வேறாக இருக்கிறது. எதை நம்புவது?

கேஎம் என்பது நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான தளப்பொருள் செறிவு. அந்தந்தக் கட்டுரையின் நிலைமைக்கு அது அது சரி. இந்த வினையில் ஏசிசி, ஆக்சிஜன், அஸ்கார்பேட் மூன்றும் பங்கேற்கின்றன. கார்பன் டைஆக்சைடும் இரும்பும் வேகத்தை ஆட்டிவைக்கின்றன. நான்கை நிறுத்திவைத்து ஒன்றை மாற்றினால் கிடைப்பது அந்த நான்கின் அளவைப் பொறுத்த தோற்ற மதிப்பு. பைகார்பனேட்டை மாற்றினாலே எண் நகரும். ஆகவே கேஎம் எழுதும் வரியிலேயே மற்ற நான்கின் அளவும் பிஎச்சும் இருக்கவேண்டும். இல்லாத கட்டுரையோடு ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

இது 2-ஆக்சோகுளூட்டரேட் நொதிக் குடும்பம்தானே? அதையும் சேர்க்கவேண்டுமா?

வேண்டாம். வரிசையில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, இரும்பைப் பிடிக்கும் இரண்டு ஹிஸ்டிடினும் ஓர் அஸ்பார்டேட்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பத்தார் எலெக்ட்ரானுக்கு 2-ஆக்சோகுளூட்டரேட்டை நாடும் இடத்தில் இது அஸ்கார்பேட்டை நாடுகிறது. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவில் 2-ஆக்சோகுளூட்டரேட்டிலிருந்தே எத்திலீன் உண்டாக்கும் நொதி ஒன்று உண்டு. பழைய கட்டுரைகளில் இரண்டுக்கும் ‘எத்திலீன் உண்டாக்கும் நொதி’ என்ற ஒரே பெயர் வருவதால் குழப்பம். தளப்பொருள் எது என்று பார்த்தால் தெளிந்துவிடும்.

மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் போட்டு எடுத்தால் ஒரே நாளில் முடியுமே. பழத்தை ஏன் அரைக்கவேண்டும்?

வினைவழியையும் அமைப்பையும் ஆராய்வதற்கு ஈ.கோலைதான் வசதி. இரும்பைப் பிடிக்கும் அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்ததெல்லாம் அப்படித்தான். உங்கள் பழத்தில், இந்த வாரத்தில், எவ்வளவு நொதி எந்த வடிவில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பாக்டீரியா பதில் சொல்லாது. கேள்வி எதுவோ அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

ஈ.கோலையில் எடுப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். ஹிஸ்டிடின் வாலை (புரதத்தை நிரலில் பிடிக்க ஒட்டும் ஹிஸ்டிடின் தொடரை) என்-முனையில் வையுங்கள். சி-முனைப் பகுதி செயல்பாட்டுக்கே தேவை. வளர்ப்பு வெப்பத்தைக் குறைத்தால் புரதம் கட்டியாகாமல் கரைந்திருக்கும். நிரலில் கோபால்ட் பூசிய பிசினைத் தவிர்த்துவிடுங்கள். மூன்று பதில்களுக்கு முன்னால் தடுப்பான் என்று சொன்ன அதே கோபால்ட், பிசினிலிருந்து கசிந்து நொதியோடு வரும். நிக்கல் பிசினிலும் இமிடசோலை உப்பு நீக்கும் நிரலில் கழுவியபின்தான் அளக்கவேண்டும். ஈ.கோலை, மெத்தியோனினிலிருந்து பிறக்கும் ஒரு கீட்டோ அமிலத்தை வெளிவிடும். இரும்பு பட்டால் அதுவும் எத்திலீன் தரும். ஆகவே மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் ஏந்திய செல்லின் சாற்றையும் அதே நிரலில் ஓட்டி, அதே குப்பியில் அளந்து கழிக்கவேண்டும்.